1.8 டர்போவை 2 லிட்டராக்கிய அம்பத்தூர் பட்டறை: ஐந்து மாத அனுபவம்

முதலில் குறைகளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஆறு வாரம் என்றார் பட்டறைக்கார அண்ணன், ஐந்து மாதம் இழுத்தது. போன் எடுக்க மாட்டார், எடுத்தாலும் பின்னால் லேத் ஓடும் சத்தத்தில் நாம் சொல்வது அவருக்கும் அவர் சொல்வது நமக்கும் கேட்காது. உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. அப்படியும் நாளைக்கே இன்னொரு இன்ஜினைப் பிரிக்க வேண்டி வந்தால் அங்கேதான் போய் நிற்பேன். பட்டறை பெயரைப் போடவில்லை, அவரே வேண்டாம் என்றுவிட்டார். "இருக்கிற வேலையே தேங்கிக் கிடக்குது தம்பி, நீ வேற நாலு பேரை அனுப்பிடாதே." அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வண்டி 2005 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1781 சிசி, சிலிண்டருக்கு ஐந்து வால்வு என மொத்தம் இருபது, கூடவே ஒரு சின்ன டர்போ. ஐரோப்பாவில் விற்ற ஆர்எஸ்ஸில் 180 குதிரைத்திறன், நமக்குத் தந்தது 150, அதற்கே அந்தக் காலத்தில் ஆளாளுக்கு வாயைப் பிளந்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் எல்லாரும் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்களே, அந்த வரிசையில் நானும் இடம் பிடிக்கலாம் என்று முழங்கால் அளவு தண்ணீரில் வண்டியைக் கிளப்பினேன். இருநூறு அடி போயிருக்க மாட்டேன். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் அதை அமுக்கப் பார்க்கும், தண்ணீர் அமுங்காது, நடுவில் மாட்டிக்கொண்ட கனெக்டிங் ராடுதான் (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி) வளையும். மூன்றாவது சிலிண்டர் ராடு வளைந்து, பிஸ்டன் கோணலாக உரசி, போரில், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் துளையின் சுவரில், விரல் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு. முழுக்க முழுக்க என் முட்டாள்தனம்.

முதலில் நகரத்துக்குள் ஏசி லவுஞ்சும் காபி மிஷினும் வைத்திருக்கும் ஒரு பெரிய கேரேஜுக்குத்தான் போனேன். வண்டியின் அடியில்கூடக் குனிந்து பார்க்காமல் பத்து நிமிடத்தில் கொட்டேஷன் வந்துவிட்டது. ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய, வலுவான) பிஸ்டன், ஃபோர்ஜ்டு ராடு, பெரிய டர்போ, எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ். போர் இப்போது என்ன அளவில் இருக்கிறது என்று கேட்டேன். அந்தப் பையன் முழித்தான். சரி என்று கிளம்பிவிட்டேன்.

சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர் நமக்கு ஒன்றும் புதிதில்லை. யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஓட்டியவர்களைக் கேட்டால் "ஐம்பது ஓவர்சைஸ் போட்டேன், அப்புறம் நூறு போட்டேன்" என்று வரிசையாகச் சொல்வார்கள். ஐம்பது என்றால் அரை மில்லிமீட்டர், நூறு என்றால் ஒன்று. என் பிளாக்கில் (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடல்) போர் 81 மில்லிமீட்டர். கோடு போக வேண்டுமென்றால் எப்படியும் கடைந்தாக வேண்டும், கடைவதுதான் கடைகிறோம், பெரிதாகவே ஆக்கிவிடலாமே என்று ஆசை வந்தது. ஆனால் போரை மட்டும் 82.5 ஆக்கினால் 1847 சிசிதான் வரும், இவ்வளவு செலவுக்கு அது போதாது. இதே குடும்பத்து 2 லிட்டர் இன்ஜினின் கிராங்கைப் போட்டு ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 86.4-லிருந்து 92.8-க்குக் கொண்டுபோனால்தான் 1984 ஆகும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஸ்ட்ரோக் 6.4 கூடினால் பிஸ்டன் அதில் பாதி, 3.2 மில்லிமீட்டர், கூடுதலாக மேலே ஏறும். அதே 144 மில்லிமீட்டர் ராடைப் போட்டால் நேராகப் போய் மேலே மூடியிருக்கும் ஹெட்டில் இடிக்கும். ராடைப் பிஸ்டனோடு கோக்கும் பின்னுக்கான ஓட்டை அந்த 3.2 மேலே தள்ளி இருக்கிற பிஸ்டனாகப் பார்த்து வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது.

அண்ணன் முதல் நாள் செய்த காரியம் பிளாக்கைக் கழுவி ஒரு மூலையில் வைத்துவிட்டு "நாளைக்குக் காலையில வா" என்றது. எனக்குக் கடுப்பு. மறுநாள் ஏழரை மணிக்குப் போனபோதுதான் காரணம் சொன்னார். தகரக் கூரை, மதியத்துக்கு மேல் உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும், இரும்பும் விரியும், அந்த நேரத்தில் அளப்பது வீண் வேலை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்: பத்து டிகிரி ஏறினால் இந்தப் போர் கிட்டத்தட்ட 0.009 மில்லிமீட்டர் பெரிதாகும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நாங்கள் விடப்போகும் இடைவெளியே 0.075, அவர் பாஷையில் மூணு தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

அப்புறம் டார்க் பிளேட். ஹெட் போல்ட்டை முறுக்கினால் வார்ப்பிரும்பு பிளாக் அசையவா போகிறது என்றுதான் நினைத்திருந்தேன். இந்த இன்ஜினுக்கு என்றே ஒரு தடித்த தகட்டைக் கடைந்து (தாமதத்தில் மூன்று வாரம் இதற்கே போனது), ஹெட் இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, ஹெட்டுக்கு உண்டான டார்க்கில் (முறுக்கு அளவில்) முறுக்கிவிட்டு, துளையை அளக்கும் போர் கேஜை உள்ளே விட்டார். முள் நகர்ந்தது. முறுக்குவதற்கு முன் வட்டமாக இருந்த போர் இப்போது வட்டமாக இல்லை. அந்தத் தகட்டை முறுக்கி வைத்தபடியேதான் கடைசி ஹோனிங் (சாணைக் கல்லால் சுவரை நுணுக்கமாகத் தேய்ப்பது) முழுவதும் நடந்தது. தகட்டைக் கழற்றினால் கோணல், ஹெட் ஏறினால் வட்டம். ஒவ்வொரு போரையும் மூன்று உயரத்தில், இரண்டு திசையில் அளந்து, பழைய டைரி ஒன்றில் பென்சிலால் எழுதிவைத்தார். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், எனக்கு அதுதான் வாரண்டி கார்டு.

ஒரு சறுக்கலும் நடந்தது. பிஸ்டனைச் சுற்றி மாட்டும் ரிங் போடாமல் எல்லாவற்றையும் மாட்டி, கையால் கிராங்கைச் சுற்றியபோது 'டக்' என்று ஒரு சத்தம். பிஸ்டனுக்கு அடியிலிருந்து ஆயிலைப் பீய்ச்சும் சின்னக் குழாய் இருக்கிறதே, ஸ்ட்ரோக் கூடியதால் பிஸ்டன் கீழேயும் 3.2 கூடுதலாக இறங்கி அதில் மோதியது. இதை அவர் முன்பே யோசித்திருக்க வேண்டும், அவரும் ஒப்புக்கொண்டார். பிஸ்டனின் பாவாடை (அடிப்பக்கச் சுவர்) ஓரத்தைக் கொஞ்சம் செதுக்கி, நான்கையும் மறுபடி ஒரே எடைக்குக் கொண்டுவந்தார். அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏறும்போது ரிங் சூடாகி விரியும், முனைகள் ஒன்றோடொன்று முட்டினால் பிஸ்டனே உடையும் என்பதால் ரிங் இடைவெளியைத் தாராளமாக விட்டார். கம்ப்ரெஷனை, அதாவது சிலிண்டருக்குள் இருப்பது எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதை, 9:1-ல் வைத்தோம். அதற்குச் சிலிண்டருக்கு 62 சிசி இடம் மிஞ்ச வேண்டும். ஹெட்டைக் கவிழ்த்து, கண்ணாடித் தகடு மூடி, கெமிஸ்ட்ரி லேபில் பார்த்த அதே பியூரெட்டால் மண்ணெண்ணெய் ஊற்றி அளந்தார். முழுப் பரீட்சையில்கூட நான் அவ்வளவு கவனமாகப் பியூரெட் பார்த்ததில்லை.

செலவு: பிஸ்டன், ராடு, கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம். பழைய உதிரிபாகங்களுக்குப் பேர்போன புதுப்பேட்டையில் கிடைத்த கிராங்க், பேரிங், ஆயில் பம்ப், டைமிங் பெல்ட், கேஸ்கட் செட்டுக்கு எண்பத்தைந்தாயிரம். பட்டறைக் கூலி பேலன்சிங்கோடு ஐம்பத்து இரண்டாயிரம். இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ட்யூனிங் வேறு இடத்தில், அது தனிக் கதை. பில் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆர்சியில் 1781 என்றுதான் இருக்கிறது. ஆர்சி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு இருக்கும்போது இந்த வண்டியை ரோட்டில் ஓட்டுவதாக இல்லை. ஃபிளாட்பெட்டில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போய், முதல் நாள் முழுவதும் ரன்-இன்னுக்காக (புது பாகங்கள் பதமாவதற்காக) பூஸ்ட் அடக்கி, வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டினேன், மாலையில் ஆயில் மாற்றினேன். இரண்டாம் தடவை போனபோதுதான் மிதித்தேன். டர்போ பழையதேதான், ஆனால் இன்ஜின் பெரிதானதால் அதற்குப் போகும் புகை முன்னாடியே கூடிவிடுகிறது, மெதுவான வளைவிலிருந்து வெளியே வரும்போது முன்பு மாதிரி காத்திருக்கத் தேவையில்லை, காலை வைத்தவுடன் இழுக்கிறது. 5500 ஆர்பிஎம்முக்கு மேல் மூச்சு முட்டுகிறது, அந்தச் சின்ன டர்போவால் 2 லிட்டருக்கு ஊத முடியவில்லை. அது என் தேர்வு, பட்டறையின் குற்றமில்லை. காலையில் குளிர்ந்த இன்ஜினில் பிஸ்டன் கடகடவென்று டீசல் ஆட்டோ மாதிரி சத்தம் போடும், பக்கத்து பிட்டில் இருப்பவர்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள். சூடானதும் அடங்கிவிடும்.

அடுத்து டர்போவை மாற்றுவது பற்றி அண்ணனிடம் பேச வேண்டும். நேற்றிலிருந்து நாலு தடவை போன் பண்ணிவிட்டேன், எடுக்கவில்லை.