பதினோரு மணி நேரந்தானே!

டிக்கெட் எடுக்கும் முன்பு சும்மா இருக்க மாட்டாமல் சிட்னிக்கும் திருச்சிக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். பூமியின் வளைவையொட்டி நேராக இழுத்தால் சுமார் 9,100 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 11 மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். நேரடி விமானம் ஒன்று இருந்தால், இறங்கலாம்தான்.

சிங்கப்பூர் வழியாகச் சுற்றிப் போகிறோமே என்று இத்தனை வருடமாகப் புலம்பியிருக்கிறேன். கணக்குப் போட்டால் அது சுற்றே இல்லை. சிட்னியிலிருந்து சிங்கப்பூர் 6,300, அங்கிருந்து திருச்சி 2,980. இரண்டையும் கூட்டினாலும் நேர்கோட்டைவிட 180 கிலோமீட்டர்தான் அதிகம். நேரத்தைத் தின்பது சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் காத்துக் கிடப்பதுதான்.

சிட்னியில் காலை 10 மணிக்கு ஏறினேன். எட்டேகால் மணி நேரம் பறந்து, நாலு மணி நேரம் உட்கார்ந்து, அப்புறம் இன்னொரு நாலேகால். ஆகப் பதினாறரை மணி நேரம். டிசம்பரில் சிட்னிக் கடிகாரம் நம்முடையதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், திருச்சியில் இறங்கியபோது இரவு 9 தான்.

2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புது முனையத்தை அன்றுதான் பார்த்தேன். நல்ல விசாலம். பழைய கட்டடத்தில் பட்ட நெரிசல் இல்லை. பெட்டி வரும் பெல்ட்டில் மட்டும் என் இரண்டு பெட்டிகளில் ஒன்றுதான் வந்தது. பெல்ட் நின்று, விளக்குமாறோடு ஒரு அம்மா வந்த பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு விஷயம்: பெட்டி வராவிட்டால் வெளியே போய்விடாதீர்கள். அங்கேயே புகார் எழுதிக் கொடுத்து எண் வாங்குங்கள். மொத்தப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்ததால் பெட்டிக்கு யார் பொறுப்பு என்ற பேச்சே எழவில்லை.

துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம் என்று கார் ஓடியது. தஞ்சாவூர் தாண்டி ஒரு டீ. வடுவூர் ஏரிப் பக்கம் மார்கழிப் பனி இறங்கியிருந்ததால் டிரைவர் தம்பி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார். 95 கிலோமீட்டரைக் கடந்து மன்னார்குடி வீட்டு வாசலில் இறங்கும்போது மணி ஒன்று.

அத்தை தூங்காமல் உட்கார்ந்திருந்தார். எத்தனை மணிக்குப் புறப்பட்டாய், எத்தனை மணிக்கு இறங்கினாய் என்று கேட்டு விரல்விட்டு எண்ணினார். "காலையில பத்துக்குக் கெளம்பி ராத்திரி ஒன்பதுக்கு வந்துட்ட. பதினோரு மணி நேரந்தானே! இதுக்காடா நாலு வருஷமா வரல?"

ஐந்தரை மணி நேரக் கணக்கை அந்த நேரத்தில் எப்படி விளக்குவது? சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. பெட்டி திருச்சி வந்துவிட்டதாம். "வீட்டுக்கு அனுப்புவீங்களா?" என்றேன். "மன்னார்குடியா சார்? அது ரொம்ப தூரம். நீங்களே வந்து எடுத்துக்குங்க." ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தூக்கி வந்தவர்களுக்கு இந்த 95 ரொம்ப தூரம்!

போக வர ஒரு பகல் போயிற்று. பூட்டு உடையவில்லை. அத்தைக்கென்று சிட்னியில் வாங்கிய கோடாலித் தைலம் ஆறு பாட்டிலில் ஒன்று மூடி கழன்று, என் சட்டைகள் அத்தனையிலும் இறங்கியிருந்தது.