கியர்பாக்ஸ் 'அப்கிரேட் கிட்' வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிஷம்

கையில் இன்னும் கியர் ஆயில் நாற்றம் போகவில்லை. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன், வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதச் சம்பளம் போச்சு.

பழைய கார். இரண்டாவது கியர் போடும்போதெல்லாம் கறக்கென்று கடிக்கும். சிங்க்ரோ ரிங் (கியர் மாறும்போது சுழற்சி வேகத்தை ஒன்றாக்கும் வளையம்) தேய்ந்துவிட்டது என்று தெரியும். பாக்ஸை நானே இறக்கினேன். இவ்வளவு பாடுபட்டு இறக்கியாச்சு, பழையபடியே கட்டுவானேன், கொஞ்சம் உசத்தியான சாமானாகப் போடலாமே என்று ஒரு ஆசை. சனி பிடித்தது அங்கேதான்.

உதிரிபாகம் விற்கும் ஒரு ஆன்லைன் தளம். பெயர் வேண்டாம். அதில் ஒருவர் முழு கிட் போட்டிருந்தார்: உள்பக்கம் கார்பன் ஒட்டிய சிங்க்ரோ ரிங்குகள், எல்லா பேரிங்கும், சீல், சர்க்ளிப், கூடவே ஒரு கேன் ஆயில். விலையைப் பார்த்துத் தயங்கி, சாட்டில் ஒரு வார்த்தை கேட்டேன். உடனே பதில் வந்தது. "பாக்ஸ் மேல இருக்கிற நம்பரை போட்டோ எடுத்து அனுப்புங்க சார். இன்புட் ஷாஃப்ட்ல எத்தனை ஸ்ப்ளைன்னு எண்ணிச் சொல்லுங்க."

இன்புட் ஷாஃப்ட் என்பது எஞ்சின் சுழற்சியை பாக்ஸுக்குள் கொண்டுவரும் தண்டு, ஸ்ப்ளைன் அதில் நீளவாக்கில் வெட்டிய பல். சாக்பீஸால் ஒரு பல்லில் கோடு போட்டு, சுற்றிச் சுற்றி இரண்டு முறை எண்ணினேன். நம்பரையும் அந்த ஷாஃப்டையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். இப்படிக் கேட்கிற ஆளுக்கு விஷயம் தெரியாமலா இருக்கும் என்று அந்த நிமிஷத்தில் விழுந்தவன்தான். இரண்டு மாதச் சம்பளத்தை அன்று இரவே கட்டினேன். ஸ்ப்ளைன் எண்ணிக்கை முக்கியமாகத் தேவைப்படுவது கிளட்ச் பிளேட்டுக்கு. சிங்க்ரோ ரிங் உட்காருவது கியரின் கோன், அதாவது கூம்புப் பகுதி மேல். அது பணம் போன பிறகுதான் உறைத்தது.

மூன்று வார இறுதிகள் ஆயின. அவசரப்படவில்லை. ரிங்கைக் கோனில் அழுத்தித் திருகிப் பார்த்தேன், பிடித்தது. கியர் பல்லுக்கும் ரிங்குக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தேன், இடைவெளியும் சரி. பேரிங்கை ஷாஃப்டில் ஏற்றும்போது உள் ரேஸில் (உள் வளையத்தில்) மட்டும்தான் அழுத்தம் கொடுத்தேன். முதல் நாள் கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது.

சுமார் 300 கிலோமீட்டர். மறுபடி கறக். நியூட்ரலில் ஒரு ஊளை வேறு. கிளட்சை மிதித்தால் நின்றுவிடும், விட்டால் ஆரம்பிக்கும். இன்புட் ஷாஃப்ட் பேரிங்தான், சந்தேகமே இல்லை. ஆயிலை வடித்தால் கருகருவென்று செதில். மறுபடி இறக்கிப் பிரித்தேன். இரண்டாவது கியர் ரிங்கின் கார்பன், வெயிலில் தோல் உரிந்த மாதிரி சுருண்டு கிடந்தது. வெறும் உலோகம் தேய்த்துக் கோனிலும் கீறல். பேரிங்கைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்தேன். அதில் போட்டிருந்த கம்பெனி பெயர் துணியோடு வந்துவிட்டது! போலிச் சாமான்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. தளத்தின் முதல் பதில்: திருப்பி அனுப்ப 10 நாள்தான், அது முடிந்துவிட்டது. இரண்டாவது: ஆயில் பட்ட பொருளை வாங்க மாட்டோம். பொருத்தாமல் குறை தெரியாது, பொருத்தினால் ஆயில் படும். நான் எங்கே போக? மூன்றாவது: வீட்டில் பிரித்த பாக்ஸுக்கு வாரண்டி இல்லை, ஒர்க்‌ஷாப் பில் வேண்டும். கடைசியில் விற்றவரே, "என்ன ஆயில் சார் ஊத்துனீங்க?" என்றார். உங்கள் கிட்டில் வந்ததைத்தான் என்றேன். "அது ஃப்ரீ கிஃப்ட் சார், அதுக்கு நாங்க பொறுப்பில்ல."

அந்தக் கேனில் ஜிஎல்-5 (கியர் ஆயிலின் தர வகை) என்று இருந்தது. கார் கையேடு கேட்பது ஜிஎல்-4. கீழே பொடி எழுத்தில் 'இரண்டுக்கும் ஏற்றது' என்று போட்டிருந்ததை நம்பி ஊற்றியது என் முட்டாள்தனம், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக இரண்டு மாதச் சம்பளமா?

ஷிம் தகடு, ஷாஃப்டின் முன்பின் ஆட்டம், அதை அளக்கும் டயல் கேஜ் எல்லாம் விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பொறுமை இல்லை. சட்டென்று சிலது: பேரிங்கைக் கிட்டோடு வாங்காதீர்கள், பழையதில் உள்ள நம்பரைப் பார்த்துத் தனியாக வாங்குங்கள், பொருத்தும் முன் தின்னரால் துடைத்துப் பாருங்கள். கையேடு ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4 தான். ஜிஎல்-5இல் உள்ள கந்தகச் சேர்க்கை பித்தளை ரிங்கை அரிக்கக்கூடும். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். சாமான் வந்த அன்றே எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள், என்னைப் போல் அடுத்த ஞாயிறுக்குக் காத்திருக்காதீர்கள்.

சற்றுமுன் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கிட் இன்னும் விற்பனையில் இருக்கிறது. 'வாடிக்கையாளர் அனுப்பிய படம்' என்று புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள். என் இன்புட் ஷாஃப்ட். பல்லில் என் சாக்பீஸ் கோடு.