ஸ்டியரிங் ஆடுதா, சீட் ஆடுதா?

மூன்று வருஷம் கழித்து டொரன்டோவிலிருந்து ஊருக்குப் போய் வந்தேன். கல்யாணம், கோயில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நான் சொல்ல வந்தது அப்பாவின் காரைப் பற்றி.

எண்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் கை மரத்துப்போகிற அளவுக்கு உதறும். அறுபதுக்கு இறக்கினால் உதறல் நின்றுவிடும். இதற்காகத் திருச்சியில் ஒரு சர்வீஸ் சென்டரில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் இன்ஜினைத் தாங்கும் மவுண்ட், முன் வீலைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் இரண்டையும் மாற்ற வேண்டும், 18,400 ரூபாய் என்று ஒரு தாளை நீட்டினார்கள். "ஓட்டிப் பார்த்தீங்களா?" என்றேன். இல்லையாம். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. டொரன்டோவில் நான் போகிற இடத்தில் மணிக்கு நூறு டாலருக்கு மேல் கூலி. ஆனால் நடுங்குகிறது என்றால் சாவியை வாங்கி ஒரு சுற்று ஓட்டிவிட்டுத்தான் பேசுவார்கள்.

மறுநாள் மதுரைக்குப் போகும் வழியில், விராலிமலை பக்கம் ஒரு டயர் கடையில் நிறுத்தினேன். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். வண்டியைத் தொடவே இல்லை.

"ஸ்டியரிங் ஆடுதா, சீட் ஆடுதா தம்பி?"

"ஸ்டியரிங்தாண்ணே."

"அப்ப முன் வீல். சீட் ஆடினா பின்னாடி. பிரேக் மிதிச்சா மட்டும் உதறுதா?"

இல்லை. அப்படியென்றால் டிஸ்க் இல்லை. சிக்னலில் நிற்கும்போது? இல்லை. அப்படியென்றால் இன்ஜின் மவுண்டோ ஸ்பார்க் பிளக்கோ காரணமில்லை. ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது மட்டும்? அதுவும் இல்லை, ஆக்சில் ஜாயின்ட்டையும் விட்டுவிடலாம். நாலு மாதம் ஷெட்டில் நின்ற வண்டி என்றேன். நின்ற இடத்தில் டயர் தட்டையாகியிருந்தால் கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் சரியாகியிருக்கும் என்றார்.

இடது முன் வீலைக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டினார். அலாய் ரிம்மில் ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்பாகப் பசைத் தடம். சக்கரம் உதறாமல் சமமாகச் சுற்றுவதற்காக ஒட்டியிருந்த வெயிட் எங்கேயோ விழுந்திருக்கிறது. மெஷினில் போட்டுச் சுற்றினால் 45 கிராம் கேட்டது. புது வெயிட்டை ஒட்டி, மறுபடி சுற்றி, பூஜ்யம் காட்டிய பிறகே இறக்கினார். அலைன்மென்ட்டும், அதாவது சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்றும், பார்த்துவிடலாமா என்றேன்.

"வண்டி ஒரு பக்கமா இழுக்குதா? இல்லல்ல, அப்ப எதுக்கு?"

நாலு சக்கரத்துக்கும் சேர்த்து 500 ரூபாய்.

ஒரே குறை, நட்டுகளை ஏர் கன்னில் முடுக்கியதோடு விட்டுவிட்டார். டொரன்டோவில் குளிருக்கு ஒரு தடவை, வெயிலுக்கு ஒரு தடவை டயர் மாற்றும்போதெல்லாம் டார்க் ரெஞ்சில் அளந்து முடுக்கி, நூறு கிலோமீட்டருக்குள் திரும்ப வரச் சொல்வார்கள். அதனால் துவரங்குறிச்சியில் நிறுத்தி நானே ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாக இருந்தன. அதற்குள் அப்பா டீ சொல்லிவிட்டார். அங்கிருந்து மேலூர் வரை நூறில் போனேன். ஸ்டியரிங் அசையவே இல்லை. அப்பா தூங்கிப்போனார்.