கேமரூன் பாசி: சுங்கை சிப்புட் வெயிலில் வளர்த்த அனுபவம்

வளர்ப்பு மீன் கடைகளில் கேமரூன் பாசி என்று விற்கும் பிளேகியோகைலா இண்டிஜெரிமாவைச் சில வருடங்களாக வளர்த்து வருகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி வெயில் கொளுத்தும் தோட்டப்புற ஊரிலும் இதை வளர்க்கலாம். ஆனால் மீன் தொட்டியைவிட, தண்ணீருக்கு வெளியே மூடிய டப்பாவில்தான் நன்றாக வருகிறது.

இது ஆப்பிரிக்க வெப்ப மண்டலத்துச் செடி. ஜாவா பாசி, கிறிஸ்துமஸ் பாசி போல மாஸ் (உண்மையான பாசி) இனம் இல்லை, அதற்கு உறவான லிவர்வொர்ட் என்ற வேறு செடி வகையில் இலை விடும் ரகம். வாங்கும்போது பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தண்டின் இரு பக்கமும் வரிசையாக, நடுநரம்பு இல்லாத வட்டமான சின்ன இலைகள் இருக்க வேண்டும். கரும்பச்சை நிறம், தொட்டால் மொரமொரப்பு. காய்ந்த கறிவேப்பிலை மாதிரி இருக்கிறதே என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். நனைந்து ஒளி படும்போது பாருங்கள், அந்தப் பச்சை வேறு எந்தப் பாசியிலும் இல்லை. எனக்கு இதன் மேல் இவ்வளவு ஆசை வந்ததே அந்த நிறத்தால்தான்.

தொட்டியில் வைத்தபோது மதியத்தில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். சூடு ஏற ஏறச் செடியின் சுவாசம் கூடும், தண்ணீரில் கரையும் வாயுவோ குறையும். அதோடு கார்பன் டை ஆக்ஸைடு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். செடி சாகவில்லை, ஆனால் வளரவும் இல்லை. மெதுவாக வளரும் இலை மேல் பாசம் (வழுக்கும் ஆல்கா) படர்ந்தால் அப்புறம் சுத்தம் செய்வது பெரிய பாடு, ஏனென்றால் தேய்த்தாலே ஒடிந்துவிடும். மேற்பரப்பில் சின்ன விசிறி வைத்து 27 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்த பிறகுதான் புது நுனிகள் வந்தன.

டப்பா கதை வேறு. மூடியுள்ள கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டப்பா, அடியில் எரிமலைக் கல், கல்லின் பாதி உயரத்துக்குத் தண்ணீர். மேலே செடியைச் சின்னத் துண்டுகளாக்கிப் பரப்பி, கறுப்பு நூலால் லேசாகச் சுற்றினேன். இது கல்லை இறுகப் பற்றிக்கொள்ளும் வகை இல்லை, அதனால் நூலை அவசரப்பட்டு அவிழ்க்கக் கூடாது. பின்கட்டில் துணி துவைக்கும் இடத்து நிழலில் வைத்தேன், நேரடி வெயில் படவே கூடாது. வாரம் ஒரு முறை மூடியைத் திறந்து காற்றாட விட்டு, மழைத் தண்ணீரைத் தெளிப்பேன். மழைத் தண்ணீரைத் திறந்த வாளியில் நேராகப் பிடியுங்கள். துத்தநாகத் தகரக் கூரையில் வழிந்து வருவது வேண்டாம். இலை ஒரே ஒரு உயிரணு (செல்) அடுக்குதான், தண்ணீரில் என்ன கரைந்திருந்தாலும் நேராக உள்ளே போய்விடும். செம்பனைத் தோட்டத்து ஓடைத் தண்ணீரையும் இதே காரணத்துக்காகத் தொடுவதில்லை, உரம் கலந்திருக்கும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கியபின் ஊற்றுங்கள்.

மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தை இந்தச் செடி இருக்கும் தொட்டியில் ஊற்றாதீர்கள், இறாலும் சேர்ந்து போகும். திரவக் கார்பன் என்று விற்கும் குளூட்டரால்டிஹைடையும் நான் பயன்படுத்துவதில்லை.

விலை? ஜாவா பாசியைவிடக் கூடுதல், ஈப்போ பக்கம் எல்லாக் கடையிலும் கிடைக்காது. தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார். ஒரு சின்னக் கைப்பிடி போதும், உடைந்த துண்டுகளும் ஈரம் இருந்தால் துளிர்க்கும். ஆனால் அவசரக்காரர்களுக்கு இது சரிவராது. சீக்கிரம் தொட்டி நிறைய வேண்டும் என்றால் ஜாவா பாசியே வாங்கிக்கொள்ளுங்கள்.

டப்பாவில் தழைத்ததைத் தொட்டிக்கு மாற்றும்போது கல்லோடு சேர்த்துத் தூக்கி, நீரோட்டம் மெதுவாக உள்ள மூலையில் வையுங்கள். முதல் சில வாரம் கொஞ்ச இலை பழுப்பாகி உதிரும். அதற்காகப் பிடுங்கிவிட வேண்டாம், நுனி பச்சையாக இருக்கும்வரை விட்டுவிடுங்கள்.