சேலத்திலிருந்து ஷீரடி: ஹைதராபாத் வழியா, பெங்களூரு வழியா?

சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து ஷீரடி விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 960 கிலோமீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர் போகும் ஏடிஆர் என்ற சிறிய விமானத்துக்கு இரண்டு மணி நேர வேலை. ஆனால் நேர் விமானம் கிடையாது. எங்காவது மாறித்தான் ஆகவேண்டும்.

2023 அக்டோபரில், சிறு ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேலத்துக்கு மீண்டும் விமானம் வந்தபோது பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி, சென்னை நான்கும் கிடைத்தன. கொச்சி எதிர்த்திசை. சென்னையையும் விட்டுவிடலாம். கிழக்கே 265 கிலோமீட்டர் பறந்து மீனம்பாக்கத்தில் இறங்கினால், அங்கிருந்து ஷீரடி இன்னும் 965 கிலோமீட்டர். புறப்பட்டபோது இருந்த தூரம் அப்படியே பாக்கி நிற்கும்!

வரைபடத்தில் பார்த்தால் பெங்களூருதான் சரியான வழி. 160ம் 800ம் சேர்ந்து 960. நேர்கோட்டை விட்டு விலகவே இல்லை. ஹைதராபாத் வழியே 605ம் 505ம், மொத்தம் 1,110. கூடுதலாக 150 கிலோமீட்டர். வானத்தில் அது இருபது நிமிடம்கூட இல்லை. அதனால் தூரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். தரையில் போகும் நேரத்தைக் கணக்குப் போடுங்கள்.

நம் ஊரில் பலர் செய்வது, காரில் பெங்களூரு போய் ஷீரடிக்கு நேர் விமானம் பிடிப்பது. சாலை 200 கிலோமீட்டர்தான் என்பார்கள். ஆனால் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி, பெங்களூரு நகரத்தைத் தாண்டி வடக்கே இருக்கிறது. மாநில எல்லையில் அத்திப்பள்ளியில் ஆரம்பிக்கும் நெரிசலையும் சேர்த்தால் ஐந்து மணி நேரம். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும், பறக்க ஒன்றரை மணி நேரம், இறங்கிப் பெட்டி எடுத்துக் கோயில் பக்கம் போக முக்கால் மணி நேரம். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. ஏற்காட்டுக்காரர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

காமலாபுரத்தில் ஏறி ஹைதராபாத்தில் மாறினால், வீட்டிலிருந்து ஷீரடி வரை காத்திருப்பு நீங்கலாக ஆறே கால் மணி நேரம். ஆகவே ஹைதராபாத்தில் காத்திருப்பு மூன்று மணி நேரத்துக்குள் இருந்தால் இதுதான் சீக்கிரம். ஐந்து, ஆறு மணி நேரம் என்றால் கார் முந்திவிடும்.

ஆனாலும் வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால், காத்திருப்பு கொஞ்சம் நீண்டாலும் நான் ஹைதராபாத்தையே சொல்வேன். போகும்போது கார் பரவாயில்லை. திரும்பி வரும்போது, அலுத்துப்போன ஓட்டுநர் ராத்திரியில் லாரிகளுக்கு நடுவே தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இறங்க வேண்டும். எத்தனை விபத்துகளைப் பார்த்த இடம் அது! அம்மா, அப்பாவை அந்த நேரத்தில் அந்த வழியாகக் கூட்டி வர எனக்கு மனசு வராது.

ரயில் என்றால் பெங்களூருவிலிருந்து கர்நாடகா எக்ஸ்பிரஸ் ஷீரடிக்குப் பக்கத்தில் உள்ள கோபர்கான் வழியாகப் போகிறது. ராத்திரி முழுக்கப் போய் மறுநாளிலும் பாதி கழிந்துவிடும். நேரம் இருப்பவர்களுக்குச் சரி.

இரண்டு விமானங்களையும் ஒரே டிக்கெட்டில் போடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது டிக்கெட் காசு போய்விடும். சேலம் விமானங்கள் எல்லா ஊருக்கும் தினமும் இருப்பதில்லை. மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் அட்டவணை மாறும். வியாழக்கிழமை தரிசனம் வேண்டுமென்றால், புதன்கிழமை விமானம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் விடுதி அறை போடுங்கள்.