ரோயிங் மெஷின் சீட்: சக்கரத்தையே மாற்றுவதா, பேரிங் மட்டும் போதுமா?

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு ரோயிங் மெஷினில் (துடுப்புப் போடுவது போல இழுத்துச் செய்யும் உடற்பயிற்சி மெஷின்) சீட் பின்னால் போகும்போதெல்லாம் கரகரவென்று சத்தம். சீட்டைக் கழற்றி ஒவ்வொரு சக்கரமாக விரலால் சுற்றிப் பார்த்தேன். மூன்று சரியாக ஓடின. நான்காவது, மணலை அரைப்பது போல நின்று நின்று சுற்றியது.

கம்பெனி சக்கரத்தை அப்படியே வாங்கி மாட்டுவது சுலபம். போல்ட்டைக் கழற்றத் தெரிந்தால் போதும். ஆனால் என் மெஷினுக்குச் செட்டாகத்தான் தருவார்களாம், வர நாளாகும்.

சக்கரத்தின் நடுவே இருக்கும் பேரிங்கை, அதாவது இரண்டு வளையங்களுக்கு இடையே குண்டுகள் உருளும் பாகத்தை, மட்டும் மாற்றுவது கொஞ்சம் கைவேலை. பழையதன் ஓரத்தில் 608 என்று பொறித்திருந்தது. உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22, அகலம் 7. ஸ்கேட்டிங் சக்கரத்திலும் இதே அளவுதான், அதனால் பேரிங் கடையில் கேட்டதும் எடுத்துத் தருவார்கள். இரும்பு மூடி போட்டது, ரப்பர் சீல் போட்டது என இரண்டு வகை உண்டு. நம் ஊர்த் தூசிக்கு ரப்பர் சீல்தான் சரி. கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றும். ஆள் உட்கார்ந்தால் அது தெரியாது. சக்கரத்துக்குள் தட்டி இறக்கும்போது அடி வெளி வளையத்தில்தான் விழ வேண்டும். உள் வளையத்தில் தட்டினால் குண்டுகள், தாங்கள் ஓடும் தடத்தில் பள்ளம் போட்டுவிடும். அப்புறம் புதுப் பேரிங்கும் கரகரக்கும்.

சக்கரத்தின் மேல்பரப்பே தேய்ந்து தட்டையாகியிருந்தால் பேரிங் மாற்றுவது வீண், முழுச் சக்கரம்தான். என்னுடையது உருண்டையாகவே இருந்ததால் பேரிங்கோடு நிறுத்திக்கொண்டேன். நான்கிலும் மாற்றியாயிற்று.