கடைசிப் பாகம் ஓடிய காலையில் எங்கள் ஊர் உணவகம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பஸ் நிலையத்துக்குப் பின்வரிசையில், என் தையல் கடையிலிருந்து மூன்று கதவு தள்ளி இருக்கிறது இந்த உணவகம். பதினோரு ஆண்டுகளாக அங்கேதான் பசியாறுகிறேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று இதுவரை தோன்றியதில்லை. 2019 மே 20, திங்கட்கிழமை காலை, அங்கே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்த பிறகு எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

அன்று ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் கடைசிப் பாகம். இரும்பு அரியணை ஒன்றுக்காகப் பல குடும்பங்கள் மோதிக்கொள்ளும் கற்பனைக் கதை அது. அமெரிக்காவில் ஞாயிறு இரவு 9 மணி என்றால் நமக்குத் திங்கள் காலை 9 மணி. விசாக தினம் ஞாயிற்றுக்கிழமை வந்ததால் திங்கள் பதில் விடுமுறை. நோன்பு மாதம், ஆகவே மாமாக் கடைகள் எனப்படும் தமிழ் முஸ்லிம் உணவகங்கள் பகலில் மூடியிருந்தன. என் அண்ணன் மகன் இரண்டு வாரத்துக்கு முன்பே கடைக்காரரிடம் போய், “அண்ணே, கடைசிப் பாகத்தை இங்கே போடுங்கள்” என்று கேட்டிருக்கிறான். அவர் அந்தத் தொடரில் ஒரு பாகம்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் சரி என்றார். கட்டண அலைவரிசைக்கு முன்கூட்டியே பணம் கட்டினார். கைகழுவும் தொட்டிக்கு மேல் இருந்த தொலைக்காட்சியைக் கழற்றி, எல்லா மேசைக்கும் தெரியும்படி சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

முதலில் சாப்பாடு. தோசை ஒன்று அப்போது 1 ரிங்கிட் 50 சென். ஓரம் முறுகலாக, நடு மெத்தென்று இருக்கும். மாவு கடையிலேயே அரைப்பது. புளிப்பு அளவாக இருக்கும். சாம்பாரில் முருங்கைக்காயைக் கணக்குப் பார்க்காமல் போடுவார்கள். சார்டின் சம்பல் கேட்டு வாங்க வேண்டியது. வெங்காயம் நன்றாக வதங்கி, எண்ணெய் பிரிந்து வரும். தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீர் எனக்குக் கொஞ்சம் இனிப்பு அதிகம். அன்று எட்டே முக்காலுக்கே தேங்காய்ச் சட்னி தீர்ந்து, பிறகு வந்ததில் தண்ணீர் தூக்கலாக இருந்தது. பதினான்கு மேசைக்கு அறுபது பேர் வந்தால் அப்படித்தான் ஆகும். இருந்தாலும் விடுமுறை நாளில் இரண்டு தேங்காய் கூடுதலாகத் துருவி வைத்திருக்கலாம்.

டோவன்பி தோட்டத்திலிருந்து மோட்டாரில் மூன்று பிள்ளைகள் வந்தார்கள். ஹீவூட் தோட்டத்திலிருந்து செம்பனைக் குலை லாரி ஓட்டும் தம்பி வந்தார். எதிர்வரிசையில் மோட்டார் பழுது பார்க்கும் சீனர் தன் மனைவியோடு வந்தார். என் அண்ணன் மகனின் மலாய் நண்பன் ஒருவன் நோன்போடு வந்தான். கடைக்கார அக்கா அடுப்பு வாசனை எட்டாத வாசல் பக்கம் அவனுக்கு நாற்காலி போட்டு, அந்த வரிசையில் யாருக்கும் தட்டு வைக்கவில்லை. கிளம்பும்போது அவன் வீட்டாருக்குச் சேர்த்து நோன்பு திறக்கும் வேளைக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பணம் வாங்கவில்லை. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

இனி அந்த எண்பது நிமிடம். டெனேரிஸ் என்ற அரசி தன் டிராகனால் எரித்த நகரமே சாம்பலாகக் கிடக்க, அவளுடைய ஆலோசகன் டிரியன் செங்கல் குவியலை விலக்கித் தன் அண்ணனையும் அக்காளையும் கண்டெடுத்தபோது லாரித் தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அவளை நேசித்த ஜானே டெனேரிஸைக் குத்தியபோது என் அண்ணன் மகன் எழுந்து வெளியே போய்விட்டான். மேசையில் அவனுடைய தோசை பாதியில் கிடந்தது. எட்டு ஆண்டுகள் ஓடிய தொடரில் அவன் யாருக்காகக் காத்திருந்தானோ அவள் அரியணையைத் தொட்டாள், உட்காரவில்லை.

பிறகு அந்தப் பெரிய டிராகன் வந்தது. அவளை மூக்கால் தள்ளி எழுப்பிப் பார்த்தது. ஜானை எரிக்காமல் இரும்பு அரியணையை உருக்கியது. அந்த நேரம் கடையில் எழுந்த கூச்சலை அடக்க முடியவில்லை. “கொன்றவனை விட்டுவிட்டு நாற்காலியை எரிப்பானேன்?” என்று ஒரு பக்கம் சண்டை. மூலை மேசையில் எல்பில் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், தினமும் வருவதுபோலக் கோப்பி குடிக்க வந்தவர், இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முந்தைய 72 பாகங்களில் ஒன்றும் அவருக்குத் தெரியாது. “அந்த நாற்காலிக்காகத்தானே அந்தப் பிள்ளை இப்படி ஆனது? பாம்புக்குத் தெரிந்திருக்கிறது” என்றார். சண்டை அதோடு நிற்கவில்லை, ஆனால் சத்தம் குறைந்தது.

அரசனைத் தேர்ந்தெடுக்கும் சபையில், எல்லா மக்களும் சேர்ந்து முடிவு செய்தால் என்ன என்று ஜானின் நண்பன் சாம்வெல் தயங்கித் தயங்கிக் கேட்பான். பிரபுக்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எங்கள் கடையில் யாரும் சிரிக்கவில்லை. 2018 மே 9 அன்று, 61 ஆண்டுகளுக்குப் பிறகு நாட்டின் ஆட்சி மாறிய தேர்தலில், அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் வெயிலில் வரிசையில் நின்றவர்கள். கையில் தோசைக் கரண்டியோடு நின்ற கடைக்கார அக்கா, “இதில் சிரிக்க என்ன இருக்கிறது?” என்று கேட்டார். அக்காவின் கேள்விதான் என் கேள்வியும்.

அந்தச் சபை பிரான் என்ற இளைஞனை அரசனாக்கியது பலருக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்காவில் அந்த இரவு மட்டும் 1 கோடியே 93 லட்சம் பேர் பார்த்ததாக ஒளிபரப்பு நிறுவனம் சொன்னது. அவர்களிலும் நிறையப் பேர் கோபமாக இருந்தார்கள். எட்டாவது சீசனைத் திறமையான எழுத்தாளர்களை வைத்து மறுபடி எடுக்கச் சொல்லும் மனுவில் 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டிருக்கிறார்கள். என் அண்ணன் மகனும் போட்டிருக்கிறான். அதை நான் குறையாக நினைக்கவில்லை. ஆனால் அவன் சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றல்ல. “அத்தை, டெனேரிஸ் அப்படிச் செய்யவே மாட்டாள்” என்கிறான். செய்வாள் என்று நான் சொல்கிறேன். முதல் சீசனில் அவள் கணவன் அவளுடைய அண்ணன் தலையில் உருக்கிய தங்கத்தை ஊற்றியபோது அவள் கண் கலங்காமல் பார்த்துக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை. சரணடைந்ததைச் சொல்லும் மணி அடித்த பிறகும் அவள் ஊரை எரிப்பாள் என்பதற்கு விதை அங்கேயே இருந்தது. விதை மரமாவதைக் காட்டத்தான் நேரம் ஒதுக்கவில்லை. முதல் ஆறு சீசன்களுக்கும் பத்துப் பத்துப் பாகம், ஏழாவதற்கு ஏழு, எட்டாவதற்கு ஆறு.

என் தொழிலில் இதை நான் அறிவேன். தீபாவளிக்கு முதல் நாள் இரவில் தைக்கிற ரவிக்கையும் அளவில் சரியாகத்தான் இருக்கும். துணியும் வெட்டும் நல்லதாக இருக்கும். ஆனால் தையல் இழுக்கும், கை தூக்கினால் அக்குளில் பிடிக்கும். போட்டுக்கொள்கிறவளுக்கு எங்கே தவறு என்று சொல்லத் தெரியாது, உடம்புக்குத் தெரியும். இந்தக் கடைசி சீசன் அப்படிப்பட்ட ரவிக்கை. முடிவு தவறு என்று கத்துகிறவர்களுக்கு உண்மையில் வலிப்பது அந்த இழுப்புதான்.

இழுக்காமல் உட்கார்ந்த இடமும் ஒன்று உண்டு. பிரானின் அக்கா சான்சா வடக்கின் அரசியாக முடிசூடும் காட்சி. இரண்டு ஓநாய்த் தலைகள் எதிரெதிரே சந்திக்கும் கிரீடம். கைப்பகுதியில் அவர்கள் ஊர்ப் புனித மரத்தின் இலைகள் வேலைப்பாடாக ஏறி வரும். ஆடை வடிவமைப்பாளர் மிஷேல் கிளாப்டன் அந்த ஒரு கையில் அவளுடைய வீட்டையும் தெய்வத்தையும் சொல்லிவிட்டார். சில நொடிகளே வரும் ஆடைக்கு எத்தனை நாள் ஊசி பிடித்திருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்குக் கண் நிறைந்தது. டோவன்பியிலிருந்து வந்தவர்களில் ஐந்தாம் படிவம் படிக்கும் பெண்ணும் அழுதுகொண்டிருந்தாள். அவள் தாய் தோட்டத்தில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்குகிறவர்.

பத்தரை மணிக்குப் படம் முடிந்தது. நான் இந்தக் கடையைப் பாராட்ட வந்தது அதற்குப் பிறகு நடந்ததற்காகத்தான். மேசை காலியாக வேண்டும் என்றால் கடைக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஈரத் துணியோடு வந்து துடைக்கத் தொடங்குவார்கள். அன்று யாரும் துணியோடு வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வாழையிலை நறுக்கி அடுக்கியாகிவிட்டது, வாசலில் ஆட்கள் நின்றார்கள். கடைக்கார அண்ணன் அவர்களுக்கு வெளியே நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். உள்ளே இருந்தவர்கள் பன்னிரண்டு வரை பேசித் தீர்த்தார்கள். வெளியே போன என் அண்ணன் மகன் திரும்பி வந்தபோது அவன் தட்டு அப்படியே இருந்தது. அக்கா அதை எடுத்துக்கொண்டு போய், சூடாக வேறு தோசை வார்த்து வைத்தார். அவன் அதைத் தின்றுகொண்டே சீனரிடம் டெனேரிஸுக்காக வாதாடினான்.

கடை காலை ஆறரைக்குத் திறந்து பிற்பகல் மூன்றரைக்கு மூடும், வியாழன் விடுமுறை. கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் இரண்டு மாதமாக உடைந்து கிடக்கிறது, பெண்களுக்குச் சிரமம். இதை அக்காவிடம் நேரிலும் சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை அந்தப் பெண் என் கடைக்கு வந்தாள். கைப்பேசியில் சான்சாவின் ஆடைப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, பாவாடை சட்டையின் கையில் இந்த இலையைப் போட முடியுமா என்று கேட்டாள். ஒரு கைக்கே பதினைந்து நாள் பிடிக்கும் என்றேன். தீபாவளி அக்டோபரில்தான், அதற்குள் தந்தால் போதும், மெதுவாகப் போடுங்கள் அக்கா என்றாள். சிவப்பில் மூன்று நிற நூல் எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் ஒன்று ஈப்போவில் பார்க்க வேண்டும்.